லோடர் வைத்த மினி டிராக்டர்: யாருக்கு, எதற்கு?

'முன்பக்கம் லோடர் வைத்த மினி டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்தக் கம்பெனி நல்லது?' சென்னையின் மேற்குப் புறநகரில் வேளாண் இயந்திரங்கள் குறித்து ஆலோசனை கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். கேட்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். திருநின்றவூருக்கு அப்பால் மூன்று ஏக்கர் வாங்கித் தென்னையும் கீரையும் வைத்திருக்கும் மென்பொருள் பொறியாளர் கேட்கிறார். பூந்தமல்லி பக்கம் நாற்றுப்பண்ணை நடத்துபவர் கேட்கிறார். வெள்ளவேடு பக்கம் சொர்ணவாரி, நவரைப் பருவங்களில் நெல்லை இன்னமும் விடாமல் பயிரிடும் விவசாயி கேட்கிறார். ஆவடியை ஒட்டி மாட்டுக்கொட்டகை வைத்திருப்பவரும் கேட்கிறார். எல்லோருக்கும் ஒரே பதிலை என்னால் சொல்ல முடிவதில்லை. ஏன் முடிவதில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. வயல்கள் மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஆங்காங்கே துண்டு துண்டாக நிற்கின்றன. பல நிலங்களுக்குப் போகும் வழி, ஒரு பெரிய டிராக்டர் திரும்ப முடியாத அளவுக்குக் குறுகிவிட்டது. கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இந்நிலையில், ஒற்றை ஆள் ஒரு சிறு டிராக்டரில் அமர்ந்து மண்ணை அள்ளி, எருவைக் கொட்டி, கட்டைகளைத் தூக்கி அடுக்கும் அமெரிக்கப் பண்ணைக் காட்சிகளைப் பார்க்கும்போது நமக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அங்கே இருபது, இருபத்தைந்து எச்.பி. டிராக்டருடன் லோடரைச் சேர்த்தே வாங்குவது வழக்கம். 1994 முதல் அமெரிக்காவில் டிராக்டர் விற்றுவரும் மகிந்திராவும் அந்தச் சந்தைக்கு அப்படித்தான் தருகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு லோடர் தேவையில்லை. சிலருக்கு டிராக்டரே தேவையில்லை. ஆனால் ஒரு சிறு பிரிவினருக்கு அது கட்டாயத் தேவை. அவர்களுக்கு ஏற்ற கருவியை, சோதித்து, பொறுப்பேற்று, நியாய விலையில் தர நம் சந்தை இன்னும் முன்வரவில்லை.

முதலில் டிராக்டருக்கான கணக்கு. மினி டிராக்டர்கள் ஏறக்குறைய 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை விற்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது வாங்குபவர்களுக்குப் பெரிய ஆறுதல். 6 லட்சம் ரூபாய்க்கு வாங்கிப் பத்தாண்டு வைத்திருந்து, கடைசியில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்பதாகக் கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 54,000 ரூபாய். சராசரி முதலீட்டின் மீது 10 சதவீத வட்டி 33,000 ரூபாய். ஆக, டீசல், இன்ஷூரன்ஸ், பழுதுபார்ப்பு எதையும் சேர்க்காமலேயே ஆண்டுக்கு 87,000 ரூபாய் போகிறது. இனி வேலையைப் பார்ப்போம். மினி டிராக்டரில் ரொட்டவேட்டர் போட்டு ஓர் ஏக்கரை ஒருமுறை ஓட்ட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். மூன்று ஏக்கர், இரண்டு போகம், போகத்துக்கு மூன்று ஓட்டு என்றால் 27 முதல் 36 மணி நேரம். சில்லறை வேலைகளையும் சேர்த்து 50 மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 1,740 ரூபாய் நிலையான செலவாகவே விழுகிறது. பாதி விலைக்கு விற்றுவிடலாம் என்று நம்பினாலும் அது 1,500 ரூபாய்க்குக் கீழே இறங்காது. இதே டிராக்டர் ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடினால் அந்தச் செலவு 174 ரூபாய்தான். வேளாண் பொறியியல் பாடப்புத்தகங்கள் ஒரு டிராக்டர் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் உழைக்கும் என்று கொண்டே கணக்குப் போடுகின்றன. மூன்று ஏக்கர்காரரின் டிராக்டர் அந்த எண்ணை எட்டிப் பார்ப்பதே இல்லை.

இதற்கு விவசாயிகள் சொல்லும் மறுப்பு வலுவானது. அதை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. 'வாடகை வண்டி நமக்கு வேண்டிய நாளில் வராது சார்' என்கிறார்கள். உண்மைதான். மழை பெய்து மண் பதமாக இருக்கும் நான்கைந்து நாளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் தேவைப்படுகிறது. பத்து ஏக்கர்காரரை முடித்துவிட்டுத்தான் வாடகை வண்டி ஒரு ஏக்கர்காரரிடம் வரும். அதற்குள் பதம் போய்விடும். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்க, சேடை ஓட்ட ஆளில்லாமல் காத்திருப்பவரிடம் மணிக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்குக் காட்டுவது பயன்படாது. காலத்தில் செய்த ஓட்டுக்கு ஒரு விலை உண்டு. ஆனாலும் அந்த விலையை ஒருவரே சுமக்க வேண்டியதில்லை என்பதே என் பதில். அண்டை நிலத்துக்காரர்கள் மூன்று, நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம். வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் உழவன் செயலி வழியாக முன்கூட்டியே பதிவு செய்யலாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால், அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டும் எண்ணத்துடனேயே வாங்க வேண்டும்.

இப்போது லோடருக்கு வருகிறேன். இங்கேதான் விற்பவர் சொல்வதும் வாங்குபவர் புரிந்துகொள்வதும் மிகவும் விலகி நிற்கின்றன. விளம்பரத் தாளில் 'தூக்கும் திறன் 750 கிலோ' என்று இருக்கும். அது பின்பக்க மூன்று முனை இணைப்பின் திறன். ஹாரி ஃபெர்குசன் உருவாக்கி, 1939-இல் ஃபோர்டு டிராக்டரில் பரவலாக வந்த அந்த இணைப்பு, கருவியின் சுமையைப் பெரிய பின்சக்கரங்களின் மேல் ஏற்றும்படி அமைந்தது. டிராக்டர் என்ற வண்டியே பின்பக்கம் இழுக்கவும் தூக்கவும் பிறந்தது. முன்னால் சுமையை வைப்பது அதன் உடற்கட்டுக்கு எதிரான வேலை. முன்பக்க லோடரின் திறனுக்கும் அந்த 750 கிலோவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 900 கிலோ எடையுள்ள மினி டிராக்டர். அதில் 540 கிலோ பின்சக்கரங்களிலும் 360 கிலோ முன்சக்கரங்களிலும் நிற்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர். பக்கெட்டில் 300 கிலோ மண். அந்த மண்ணின் மையம் முன்சக்கரத்துக்கு 1.2 மீட்டர் முன்னால் இருக்கிறது. நம் கிணற்றடி ஏற்றம் வேலை செய்த அதே தத்துவம்தான் இங்கும்: ஒரு முனை அமிழ்ந்தால் மறுமுனை எழும். பின்சக்கரங்களின் மேலுள்ள எடையில் 240 கிலோ குறைந்து 300 கிலோ ஆகிவிடும். முன் ஆக்சிலின் மேல் 540 கிலோ கூடி 900 கிலோ ஆகும். லோடரின் சொந்த எடை ஓர் 250 கிலோ என்றால் அதுவும் பெரும்பாலும் முன் ஆக்சில் மேல்தான். 360 கிலோவைச் சுமந்துகொண்டிருந்த ஆக்சில் இப்போது 1,100 கிலோவைத் தாண்டிச் சுமக்கிறது. அதுவும் வண்டி அசையாமல் நிற்கும்போது. வரப்பில் ஏறி இறங்கும்போது, பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்தச் சுமை அதிர்வோடு இன்னும் கூடும். பின்னால் 250 கிலோ எடையை, பின்சக்கரத்துக்கு 80 சென்டிமீட்டர் தள்ளி மாட்டினால் முன் ஆக்சிலிலிருந்து ஏறக்குறைய 130 கிலோ குறையும். பின்சக்கரத்தில் 380 கிலோ கூடும். நான்கு அடி ரொட்டவேட்டரைக் கழற்றாமல் தூக்கிவைத்துக்கொண்டே லோடர் வேலை பார்ப்பது இதனால்தான் நல்லது. பின்பக்க எடை இல்லாத லோடர் டிராக்டரைக் களத்தில் பார்க்கும்போதெல்லாம் ஓட்டுபவரைக் கீழே இறங்கச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே எச்.பி.யைக் கேட்கும் முன்பாக, முன் ஆக்சில் எவ்வளவு தாங்கும் என்று கேட்க வேண்டும். நான்கு சக்கர இயக்கமும் பவர் ஸ்டீயரிங்கும் இல்லாத டிராக்டரில் லோடர் மாட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கியரையும் அவசியம் பார்க்க வேண்டும். உழும்போது முன்னோக்கி ஒரே கியரில் அரை மணி நேரம் போகலாம். லோடர் வேலையில் நிமிடத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். கிளட்சை மிதித்து, நிறுத்தி, ரிவர்ஸ் போடும் பழைய வகை கியர்பாக்ஸில் அந்த வேலையைச் செய்தால் கிளட்ச் பிளேட்டும் ஓட்டுநரின் முழங்காலும் சேர்ந்தே தேயும். ஒரே நெம்புகோலில் முன்னும் பின்னும் மாறும் ஷட்டில் வசதி இந்த வேலைக்கு ஆடம்பரமாகாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மினி டிராக்டருக்கு லாரியைப் போலத் தனி சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் ஆகிய வார்ப்பிரும்பு உறுப்புகளையே போல்ட் போட்டு இணைத்து உடலாக்கியிருப்பார்கள். லோடரின் தூண்களைக் கிளட்ச் ஹவுசிங்கில் மட்டும் பிடித்துவிட்டால், ஒவ்வொரு முறை பக்கெட் மண்ணில் முட்டும்போதும் அந்த இடம் அடி வாங்கும். முதலில் போல்ட் தளரும், பிறகு எண்ணெய் கசியும், ஒருநாள் வார்ப்பு விரிசல் விடும். முன் ஆக்சில் தாங்கியிலிருந்து பின் ஆக்சில் ஹவுசிங் வரை நீளும் துணைச்சட்டத்தின் மேல் லோடர் உட்கார வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் லோடர் செய்துதரக் கேட்பவர்களிடம் நான் வலியுறுத்துவது இதைத்தான். அந்தப் பட்டறைகளின் கைத்திறனில் எனக்குக் குறையேதும் இல்லை. ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் பக்கத்திலேயே மாற்றித் தர ஆள் இருப்பது, தொலைவிலுள்ள கம்பெனியின் உத்தரவாத அட்டையைவிடச் சில சமயம் பெரிது. ஆனால் வெல்டிங் நன்றாக இருப்பதும் சுமை சரியான வழியில் இறங்குவதும் வெவ்வேறு விஷயங்கள். இரண்டாவதற்கு வரைபடமும் கணக்கும் வேண்டும். தவிர, வெளியார் பொருத்திய லோடரைக் காரணம் காட்டி டிராக்டர் கம்பெனி உத்தரவாதத்தை மறுத்தால் வாங்கியவரிடம் பதில் இருக்காது.

மற்ற இணைப்புக் கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டவேட்டர், சிறு டிரெய்லர், மண் சமப்படுத்தும் பிளேடு, சேற்றுக்குக் கேஜ் வீல்: இவை நான்கும் நம் பகுதியின் பெரும்பாலான வேலைகளை முடித்துவிடும். தென்னை, மா வைப்பவர்கள் குழி தோண்டும் கருவியை வாடகைக்கு எடுத்தால் போதும். ரொட்டவேட்டரின் அகலத்தை எஞ்சின் எச்.பி.யை வைத்து முடிவு செய்யாமல், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டில் கிடைக்கும் பி.டி.ஓ. எச்.பி.யை வைத்து முடிவு செய்ய வேண்டும். 21 எச்.பி. எஞ்சின் என்றால் பி.டி.ஓ.வில் 15 முதல் 18 வரைதான் கிடைக்கும். மினி டிராக்டரின் பின்னால் மாட்டும் தோண்டு கையை, அதாவது பேக்ஹோவை, நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்த வேலைக்கு ஜே.சி.பி. இருக்கிறது.

ஜே.சி.பி. இருக்கும்போது லோடரே எதற்கு என்றும் கேட்கலாம். மேடு தள்ள, குளம் தூர்வார, ஆண்டுக்கு ஒருமுறை எரு ஏற்ற ஜே.சி.பி.யை வாடகைக்கு எடுப்பதே சரி. மூன்று ஏக்கர் மென்பொருள் பொறியாளருக்கும் வெள்ளவேடு விவசாயிக்கும் இதுவே என் பதில். வாரத்தில் ஆறு நாளும், நாளுக்கு ஒரு மணி நேரமாவது, உதிரியான பொருளை அள்ளி இடம் மாற்ற வேண்டியவர்களின் நிலை வேறு. அரை மணி நேர வேலைக்கு எந்த ஜே.சி.பி.யும் வராது; வந்தாலும் கொட்டகையின் கதவுக்குள் நுழையாது.

ஆவடிக்கு அப்பால் முப்பது மாடுகள் உள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ சாணம் என்றால் நாளுக்கு 450 கிலோ, ஆண்டுக்கு 164 டன். கொட்டகையிலிருந்து குழிக்கு ஒருமுறை, குழியில் புரட்ட ஒருமுறை, மட்கியதை வண்டியில் ஏற்ற ஒருமுறை என்று மூன்று தடவை கைமாறினால், காய்ந்து எடை குறைவதை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, ஏறக்குறைய 490 டன். 20 கிலோ கூடையில் அது 24,000-க்கும் மேற்பட்ட நடைகள். அந்தக் கொட்டகையில் அந்த நடைகளை நடப்பவர்கள் இரண்டு பெண்கள். தலையில் சும்மாடு, அதன் மேல் கூடை, கூடையின் இடுக்கிலிருந்து நெற்றியில் வழியும் ஈரம். ஒரு கையால் கூடையைப் பிடித்தபடி மறுகையால் சேலைத் தலைப்பை எடுத்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'ராத்திரி படுத்தா இடுப்பு நிமிர மாட்டேங்குது சார்' என்றார். அவருக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும். அரைக்கால் கனமீட்டர் அளவுள்ள சிறு பக்கெட் மட்கிய எருவை 80 கிலோவுக்குக் குறையாமல் அள்ளும். அதைவிடச் சற்றுப் பெரிய பக்கெட் 130 கிலோ அள்ளும். பெரிய பக்கெட் என்றால் ஆண்டு முழுவதுக்கும் சுமார் 3,800 தடவை. எரு மணலைவிட எடை குறைந்தது என்பதால் மினி டிராக்டரின் முன் ஆக்சிலும் அதைச் சிரமமின்றித் தாங்கும். லோடர் வைத்த மினி டிராக்டருக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் கண்டதில்லை. நாற்றுப்பண்ணைகளில் செம்மண்ணும் எருவும் கலப்பதும், உள்ளாட்சிகளின் உரக்கூடங்களில் குவியலைப் புரட்டுவதும் இதே வகை வேலைகள்.

அப்படியானால் அந்த இரண்டு பெண்களின் கூலி? இந்தக் கேள்வியை எழுப்புபவர்களை நான் மதிக்கிறேன். இயந்திரம் வந்த இடங்களில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெண்கள்தான் என்பதை நாற்று நடவிலும் அறுவடையிலும் பார்த்துவிட்டோம். டிராக்டர் சாவி ஆண்களின் கைக்கே போகிறது. ஆனால் தலைச்சுமையைக் காப்பாற்றித்தான் அவர்களின் வருமானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. லோடரின் நெம்புகோலை இயக்க உடல் வலிமை வேண்டாம்; பயிற்சியும் நிதானமும் போதும். டிராக்டர் வாங்கும் கொட்டகைக்காரர் அந்தப் பெண்களில் ஒருவருக்கே பயிற்சியும் ஓட்டுநர் உரிமமும் பெற்றுத்தர முடியும். அரசு மானியம் தரும் இடங்களில் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

யார் ஓட்டினாலும் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டகமும் இருக்கைப் பட்டையும் இருக்க வேண்டும். பக்கெட்டை உயர்த்தினால் டிராக்டரின் எடை மையமும் உயரும். சரிவில் பக்கவாட்டில் கவிழ ஒரு கல் போதும். பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டவே கூடாது. ஸ்வீடன் 1959-இலேயே புதிய டிராக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாகும் விபத்துகள் அதன்பின் அரிதாகிவிட்டன. நம்மூரில் மேலே நிழலுக்குத் துணிக் கூரை போட்டுக்கொள்ள ஆகும் செலவைப் பற்றிப் பேசும் அளவுக்குக்கூட இந்தச் சட்டகத்தைப் பற்றி ஷோரூமில் பேசுவதில்லை.

இனி, எந்தக் கம்பெனி என்ற கேள்வி. மகிந்திராவின் ஜிவோ, ஓஜா, டாஃபேயின் மாஸி ஃபெர்குசன், குபோட்டா, ஸ்வராஜ், வி.எஸ்.டி., ஜான் டியர் என்று இந்த அளவில் நல்ல வண்டிகள் பல இருக்கின்றன. இவற்றுக்குள் உள்ள வேறுபாட்டைவிட, பழுதானால் உதிரிபாகத்தோடு வரும் மெக்கானிக் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கிறாரா என்பதே உங்கள் ஆண்டுக் கணக்கை அதிகம் பாதிக்கும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலுள்ள மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனத்தின் அறிக்கையில் பி.டி.ஓ. திறன், பின்பக்கத் தூக்கும் திறன், முன், பின் சக்கரங்களின் எடைப் பங்கு எல்லாம் அளந்து தரப்பட்டிருக்கும். விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

டிராக்டர் கம்பெனிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. 1960-இல் தொடங்கிய டாஃபேயின் ஆலை செம்பியத்தில், அம்பத்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அறிமுகமான ஓஜா வரிசையை ஜப்பானியப் பொறியாளர்களுடன் சேர்ந்து உருவாக்கியது சென்னையை அடுத்த மகிந்திரா ஆராய்ச்சி மையம். திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் பெரும் மண்வேலை இயந்திரங்களைச் செய்கிறது. அறிவும் ஆலையும் இங்கேயே இருக்கும்போது, ஆலையிலேயே பொருத்தி, டிராக்டரும் லோடரும் சேர்ந்து சோதிக்கப்பட்டு, ஒரே உத்தரவாதத்தின் கீழ் வரும் சிறிய லோடரை வெளிநாட்டு வாடிக்கையாளர் மட்டும் பெற வேண்டுமா? வேளாண் பொறியியல் துறை தன் இ-வாடகைப் பட்டியலில் இத்தகைய சிறு லோடர் டிராக்டர்கள் சிலவற்றைத் திருவள்ளூர் மாவட்டத்துக்கு மட்டுமாவது சேர்த்துப் பார்க்கட்டும். மாட்டுக்கொட்டகைக்காரர்களும் நாற்றுப்பண்ணைக்காரர்களும் வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க அது வழி செய்யும்.

அதுவரை வாங்குபவர் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும். முன் ஆக்சில் தாங்கும் அதிகபட்சச் சுமை, பக்கெட் முழு உயரத்தில் தூக்கும் எடை, அதற்காகப் பின்பக்கம் மாட்ட வேண்டிய எடை ஆகிய மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தராத டீலரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

கட்டுரையாளர்: வேளாண் இயந்திரப் பொறியாளர்.